பைக் கேமராவில் ஆவி படிகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

தங்கை முதன்முதலாக மலை ஏறிய நாள் அது. விடியுமுன் சென்னையிலிருந்து கிளம்பினோம். அவள் ஸ்கூட்டரில் முன்னால், நான் பைக்கில் பின்னால். ஏலகிரிச் சாலையில் புலவர்கள், வள்ளல்கள் பெயரைத் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அத்தனையிலும் அவள் திரும்புவதைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஹேண்டில்பாரில் ஆக்‌ஷன் கேமராவை மாட்டியிருந்தேன். மேலே போய் டீக்கடையில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “அண்ணா, நான் திரும்புனதெல்லாம் வந்திருக்கா?”

போட்டுப் பார்த்தோம். மூன்றாவது வளைவு வரை சாலை பளிச்சென்று இருந்தது. பிறகு திரையின் நடுவில் காசளவு ஒரு வெள்ளை வட்டம் வந்தது. வளைவுக்கு வளைவு அது பெரிதாகிக்கொண்டே போனது. ஏழாவது வளைவில் அவளுடைய சிவப்பு ஹெல்மெட் பாலில் விழுந்த குங்குமம் மாதிரி கலங்கித் தெரிந்தது. அதற்கு மேல் வெறும் வெள்ளை.

அன்று மழை இல்லை. கேமராவோ 10 மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கும் ரகம். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. தண்ணீரே புகாத பெட்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது? விடை கிடைக்க எனக்கு நாளானது. அன்று அதிகாலை 5 மணிக்கு வீட்டு வாசலில் நின்று பேட்டரி மாற்றினேன். மூடியின் ரப்பரில் தூசி இருக்கக் கூடாதே என்று வாயால் ‘ஃபூ’ என்று ஊதினேன். அந்த ஈரக் காற்றோடு சேர்த்து மூடியை அழுத்தி மூடினேன். ஏலகிரியில் கண்ணாடியில் படிந்தது எங்கள் தெருக் காற்றும் என் மூச்சும்தான்.

இதை எழுதுவதற்குக் காரணமே இதுதான். கேமராவில் ஆவி படியும் கோளாறுகளில் பெரும்பாலானவை சாலையில் உண்டாவதில்லை. மூடியை எங்கே, எப்போது மூடினோம் என்பதிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

கொஞ்சம் கணக்கு

ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம். காற்று குளிரும்போது தாங்க முடியாத மிச்ச ஆவி, பக்கத்தில் எது மிகக் குளிர்ந்து இருக்கிறதோ அதன் மேல் நீராக இறங்கும். எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் இறங்கத் தொடங்குமோ, அதைப் பள்ளியில் பனிநிலை என்று படித்திருப்போம்.

சென்னையில் அதிகாலையில் 27 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 24 டிகிரி. அந்தக் காற்றை உள்ளே வைத்து மூடினால், முன்கண்ணாடி 24 டிகிரிக்குக் கீழே போன நிமிடமே ஆவி படியத் தயாராகிவிடும். அதே கேமராவை 24 டிகிரியில் ஓடும் ஏசி அறையில், 50 சதவீத ஈரப்பதத்தில் மூடினால் பனிநிலை 13 டிகிரிக்கு இறங்கிவிடும். மூடிய இடம் மாறியதால் மட்டும் 11 டிகிரி லாபம்! நம் ஊர் மலைகளில் பெரும்பாலான நாட்களுக்கு இது போதும்.

அளவும் மிகச் சின்னதுதான். ஹவுசிங்குக்குள், அதாவது கேமராவைப் போட்டு மூடும் தண்ணீர் புகாத வெளிப்பெட்டிக்குள், 50 மில்லிலிட்டர் காற்று இருந்தால், அதிலுள்ள மொத்த ஈரமே ஒரு மில்லிகிராம் சொச்சம். அதில் பாதி கண்ணாடியில் படிந்தாலே படம் போச்சு. ஆகவே, உள்ளே சொட்டுத் தண்ணீர் தெரியவில்லையே, அப்படியென்றால் இது ஈரம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

எதையும் செய்வதற்கு முன்: உள்ளேயா, வெளியேயா?

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் முயல வேண்டாம். வண்டியை ஓரம் கட்டுங்கள். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் கண்ணாடியின் ஒரு மூலையை மட்டும் லேசாகத் துடையுங்கள். துடைத்த தடம் தெளிவாகத் தெரிந்தால் ஆவி வெளியே இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் உள்ளே இருக்கிறது. துணியால் துடைக்கத் துடைக்க மங்கல் இழுபட்டுப் பரவினால் அது ஆவியே இல்லை, எண்ணெயோ உப்போ.

ஹவுசிங் போட்டிருந்தால் இன்னும் ஒரு படி இருக்கிறது. போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஹவுசிங் கண்ணாடியின் உள்பக்கம் வெண்மையா, அதற்குப் பின்னால் கேமராவின் சொந்தக் கண்ணாடி வெண்மையா என்பது அந்தச் சாய்வெளிச்சத்தில் பிரிந்து தெரியும். நேராக அடித்தால் தெரியாது.

“வீட்டை விட்டுக் கிளம்பிய ஐந்து நிமிடத்தில் மங்கல். துடைத்தால் போகிறது, மறுபடி வருகிறது”

கேமரா ராத்திரி முழுக்க ஏசி அறையில் இருந்திருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பது மாதிரிதான் இதுவும். வெளிக்காற்றின் பனிநிலையைவிடக் கண்ணாடி குளிர்ந்து கிடக்கிறது. இது ஆபத்தில்லாத கோளாறு. கேமரா வெளிச்சூட்டுக்கு வந்ததும் தானே போய்விடும். ஆனால் அதற்குள் முதல் கால்மணி நேரப் படம் வீணாகும். துடைத்துத் துடைத்துக் கண்ணாடியில் கீறல் விழுவதும் இப்படித்தான்.

இங்கே ஒரு சிக்கல் தோன்றும். மேலே ஏசி அறையில் மூடச் சொன்னேன், இங்கே ஏசி அறைதான் காரணம் என்கிறேன். இரண்டும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துச் சமாளிக்கச் சுலபமான வழி உண்டு. ஏசி அறையிலேயே பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் போட்டு மூடுங்கள். மூடிய கேமராவை அங்கேயே ஒரு ஜிப் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். அந்தப் பையோடு வெளியே கொண்டுவந்து 20, 30 நிமிடம் வையுங்கள். குளித்து, உடை மாற்றி, பைக்கைத் துடைத்து முடிப்பதற்குள் அது வெளிச்சூட்டுக்கு வந்திருக்கும். ஆவி பையின் மேல்தான் படியும். பிறகு பையைத் திறந்து மாட்டலாம். அவசரமென்றால் பைக்குள் இருக்கும்போதே கேமராவை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அதன் சொந்தச் சூடே கண்ணாடியைக் காப்பாற்றும். அதற்கு மேல் விட வேண்டாம், காற்றோட்டமில்லாமல் சூடேறி அணைந்துவிடும்.

“மலை ஏற ஏற நடுவில் வெள்ளை வட்டம். துடைத்தால் போகவில்லை”

என் ஏலகிரிக் கதை இதுதான். நான் கேள்விப்படும் புகார்களில் முக்கால்வாசியும் இதுதான். வட்டம் பெரும்பாலும் நடுவில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஓடும் கேமராவின் உடல் சூடாக இருக்கும். கண்ணாடியின் ஓரம் அந்தச் சூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நடுப்பகுதிதான் எதிர்க்காற்றில் சீக்கிரம் குளிர்கிறது. உள்ளே உள்ள பிளாஸ்டிக், பேட்டரி மேல் ஒட்டிய தாள் எல்லாமே ஊரில் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். 4கே என்ற உயர்தரப் படத்தில் ஓடும் கேமரா அவற்றைச் சூடாக்கி ஈரத்தை வெளியே தள்ளுகிறது. அந்த ஈரம் நேராகக் குளிர்ந்த கண்ணாடிக்குப் போய்ச் சேர்கிறது.

மலைமேல் நின்றுகொண்டு இதற்கு முழுத் தீர்வு கிடையாது. இருந்தாலும் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. மழையோ மஞ்சோ இல்லாத, வெயில் விழும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பேட்டரி மூடியைத் திறந்து, பேட்டரியை வெளியே எடுத்து, கண்ணாடி வெயிலைப் பார்க்கும்படி பத்து நிமிடம் வையுங்கள். மலைக்காற்றில் மொத்த ஈரம் சமவெளிக் காற்றைவிடக் குறைவு. அந்தக் காற்றை உள்ளே விட்டு அங்கேயே மூடினால், மிச்சப் பயணத்துக்கு ஓரளவு தாங்கும். மஞ்சு மூடிய இடத்தில் மட்டும் திறக்காதீர்கள்.

படத்தின் தரத்தை ஒரு படி குறைத்தால் உடல்சூடு குறையும், ஈரம் கிளம்புவதும் குறையும். வளைவுக்கு வளைவு ஆன், ஆஃப் செய்வதைவிடத் தொடர்ந்து ஓடவிடுவது நல்லது. முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி உள்ள பைக் என்றால் மவுண்ட்டை அதன் பின்னுக்கு மாற்றிப் பாருங்கள்.

முழுத் தீர்வு முந்தின இரவே தொடங்குகிறது. காற்றுப் புகாத ஒரு டப்பா எடுங்கள். இட்லிப் பொடி வைக்கும் கிளிப் மூடி டப்பாவே போதும். அடியில் 50 கிராம் சிலிக்கா ஜெல்லை (ஈரம் உறிஞ்சும் மணிகளை) ஒரு துணிப்பையில் போட்டு வையுங்கள். கேமராவின் எல்லா மூடிகளையும் திறந்து, பேட்டரியைத் தனியே எடுத்து, இரண்டையும் அதற்குள் வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். முன்கண்ணாடி கழற்றும் வகையாக இருந்தால் அதையும் கழற்றி வையுங்கள். காலையில் ஏசி அறையில் டப்பாவைத் திறந்து, ஒரு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். ஏசி இல்லாத வீடா? டப்பாவைத் திறந்து மூடும் வேலையை மின்விசிறிக்குக் கீழே நின்று செய்ய வேண்டாம், அது அறைக் காற்றை உள்ளே அள்ளிப் போடும். மூடும் வேலையை அதிகாலை வாசலில் செய்வதைவிட, முந்தின நாள் வெயில் சுள்ளென்று அடிக்கும் மதியத்தில் செய்வது நல்லது. அப்போது ஈரப்பத சதவீதம் குறைந்திருக்கும், பிளாஸ்டிக்கும் காய்ந்திருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஊதாதீர்கள். நம் மூச்சு ஏறக்குறைய 34 டிகிரியில், ஈரம் முழுக்க நிறைந்து வெளியே வருகிறது. ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 37 கிராம். சென்னையின் அதிகாலைக் காற்றைவிட அது மோசம். தூசி தட்ட, அழுத்தினால் காற்றடிக்கும் ரப்பர் பல்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது மென்மையான பிரஷ்.

ஆன்டி-ஃபாக் ஸ்ட்ரிப் என்று கடையில் விற்கும் மெல்லிய அட்டைகள் நன்றாகவே வேலை செய்யும். போட்டும் ஆவி வருகிறது என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பாக்கெட்டை எப்போது பிரித்தீர்கள்? உள்ளே இருப்பது ஒரு மில்லிகிராம் ஈரம். ஒரு அட்டை அதைப்போலப் பல மடங்கு உறிஞ்சும். அது தோற்றால், பாக்கெட் திறந்து கிடந்து அட்டை ஏற்கெனவே வயிறு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலங்களும் இப்படித்தான், நம் கைக்கு வரும்போதே நனைந்திருக்கும். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் மணிகளாக வாங்குங்கள், நிலைமை கண்ணுக்குத் தெரியும். பச்சையானவற்றைத் தட்டில் பரப்பி ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது. அது உடம்புக்கு ஆகாது, சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அரிசியில் புதைப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். அரிசி ஈரம் உறிஞ்சுவது மிகக் குறைவு. அதன் மாவு ரப்பரிலும் மைக் துளையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த பிப்ரவரியில் அதே ஏலகிரிக்கு அதே தங்கையோடு போனேன். முந்தின இரவு டப்பா, காலையில் ஏசி அறை, ஜிப் பை. 14 வளைவுகளும் வந்தன.

“மழை பிடித்த பத்தாவது நிமிடம் உள்ளே மூட்டம்”

வெயிலில் ஓடிச் சூடான கேமராவுக்குள் காற்று விரிந்திருக்கும். ரப்பரில் எங்காவது சின்ன இடைவெளி இருந்தால் அதன் வழியே கொஞ்சம் வெளியேறியும் இருக்கும். திடீரென்று மழை கொட்டினால் கேமரா சட்டென்று குளிர்ந்து, உள்காற்று சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கும். அந்த நேரத்தில் ரப்பர் ஓரத்தில் நிற்பது காற்றா? தண்ணீர்.

ஆகவே இங்கே சந்தேகப்பட வேண்டியது கேஸ்கெட்டை, அதாவது மூடியின் ரப்பர் வளையத்தைத்தான். ஒருமுறை நண்பர் ஒருவர் கேமராவைக் கொண்டுவந்தார். புது கேமரா, மூடி ‘டிக்’ என்று சத்தமாகவே மூடியது. மூடியைத் திறந்து, சிவப்பு ரப்பர் வளையத்தை டார்ச் வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பார்த்தேன். கீழ்மூலையில், வளையத்துக்குக் குறுக்கே, துடைக்கும் துணியின் ஒற்றை நூலிழை கிடந்தது. நகத்தால் எடுக்க வரவில்லை, ஊசி நுனியால்தான் வந்தது. எடுத்த பிறகு ரப்பரில் அந்த இழையின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. அவ்வளவு மெல்லிய இழை போதும், அது ஒரு குழாய் மாதிரி தண்ணீரை உள்ளே கடத்தும்.

ஒவ்வொரு முறை மூடும்போதும் ரப்பரை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். முடி, நூல், மணல் எதுவும் கூடாது. துடைக்க ஈரமான விரல் நுனியே நல்லது, நூல் விடும் துணி வேண்டாம். துடைத்தபின் ஈரம் காய்ந்த பிறகு மூடுங்கள். ரப்பர் வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் மூடியையே மாற்றிவிடுவது மேல். பெட்ரோல், செயின் லூப் பட்ட கையால் அதைத் தொடாதீர்கள், ரப்பர் உப்பிப்போகும்.

ஓடும்போதே சார்ஜ் ஏற மூடியைக் கழற்றிவிட்டு யூஎஸ்பி வயர் செருகி ஓட்டுபவர்கள் உண்டு. காய்ந்த நாளில் அது ஒரு வகையில் நன்மைதான். காற்று போய்வருவதால் ஆவி தங்காது. பழைய ஹவுசிங்குகளுக்குத் தனியாக வந்த, பின்பக்கம் திறப்பு வைத்த மூடியும் இதே வகையில் உதவும். ஆனால் மழைத்துளி ஒன்று விழுந்தாலும் நிறுத்திக் கேமராவைக் கழற்றிவிட வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

“சிக்னலில் நிற்கும்போது மட்டும்”

ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் மாட்டிய கேமரா என்றால் காரணம் உங்கள் மூச்சு. ஓடும்போது எதிர்க்காற்று அதை அடித்துக்கொண்டு போகும். நின்றால் தாடையிலுள்ள காற்றுத் துளை (வென்ட்) வழியே வெளியே வந்து கேமரா மேலேயே படியும். மவுண்ட்டை இரண்டு விரல் கீழே இறக்குங்கள், அல்லது வென்ட்டுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். நிற்கும்போது வைசரை லேசாகத் திறந்தால் மூச்சு மேல்பக்கமாகப் போய்விடும்.

ஹேண்டில்பார் கேமராவில் இது வேறு விதமாக வரும். நிற்கும்போது தெளிவு, கிளம்பிய ஒரு நிமிடத்தில் மங்கல். நின்றபோது சூடு ஏறி உள்ஈரம் கிளம்பியது, ஓடியதும் கண்ணாடி குளிர்ந்தது. அது மேலே சொன்ன மலை விவகாரமேதான், மருந்தும் அதேதான்.

“மலை இறங்கி அடிவாரம் வந்ததும்”

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த கேமராவோடு காலையில் இறங்கினால், அடிவாரத்தின் ஈரமான சூடு காற்றில் வெளிக்கண்ணாடி வேர்க்கும். இது ஏசி அறைக் கதையின் பெரிய வடிவம். வழியில் குன்னூரிலோ பர்லியாறிலோ டீக்கு நிறுத்தி, கேமராவை ஜிப் பையில் போட்டு 15 நிமிடம் விட்டால் போதும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்த உயரத்தில் காற்றழுத்தம் அடிவாரத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கேஸ்கெட் சரியில்லாத கேமரா ஏறும்போது உள்காற்றை வெளியே விட்டிருக்கும். இறங்கும்போது சமவெளியின் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அன்று எதுவும் தெரியாது. அடுத்த வாரம் வேறு மலைக்குப் போகும்போது ஆவி படியும், நல்லாத்தானே இருந்தது என்று தோன்றும். ஊட்டிப் பயணம் முடிந்து வீடு வந்ததும் கேமராவை ஒருமுறை திறந்து டப்பாவில் காயவைப்பதை நான் வழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

தங்கும் விடுதி வாசலில் பைக்கில் மாட்டியபடி கேமராவை விடாதீர்கள். தெளிந்த வானத்துக்குக் கீழே கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். புல்லில் பனி படிவதும் இதனால்தான்.

“வாட்டர் சர்வீஸ் விட்ட பிறகு டேஷ்கேமில் மூட்டம்”

பைக்கிலேயே நிரந்தரமாக வயரோடு பொருத்தும் சின்ன உருளைக் கேமராக்களுக்கு வரும் தொல்லை இது. தூசி, தண்ணீர் தாங்கும் தரக்குறியீடாக ஐபி67 என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அந்த 7-க்கு அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கான சோதனை வேறு. அழுத்தத் துப்பாக்கியை ஒரு சாண் தூரத்தில் பிடித்தால், குளத்தில் மூழ்கியபோது நுழையாத தண்ணீரும் நுழையும். நான் வழக்கமாக விடும் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும் தம்பிதான் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தான். “அண்ணா, கேமராவக் கழட்ட முடியலன்னா ஒரு கவர் போட்டு ரப்பர் பேண்டு போட்டு விட்டுருங்க. நான் அந்தப் பக்கம் துணியால தொடச்சிடறேன்.” அன்றிலிருந்து அப்படித்தான்.

ஏற்கெனவே புகுந்துவிட்டதா? வயர் நுழையும் இடத்தைப் பாருங்கள். தண்ணீர் பெரும்பாலும் கண்ணாடி வழியாக இல்லை, வயரின் உறை வழியாகத்தான் வரும். கேமராவுக்கு அருகில் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்துக் கட்டினால், வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கேமரா வரை போகாது. லேசான மூட்டம் என்றால் இரண்டு, மூன்று நாள் வெயிலில் ஓடினாலே குறையும். குறையவில்லையென்றால் கழற்றிச் சிலிக்கா டப்பாவில் போடுங்கள்.

“எதிர்வெளிச்சத்தில் மட்டும் பால் மாதிரி பரவுகிறது”

இது ஆவி இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் வரை ஒரு காலைப் பயணம் போய்வந்தால் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் படிந்திருக்கும். நேரே பார்த்தால் தெரியாது. எதிரே சூரியனோ லாரி விளக்கோ வந்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போலாகும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பே உப்புத்தாள் ஆகிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு ஒற்றி எடுங்கள். வீட்டுக் கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த நீர்மத்தை லென்ஸ் பூச்சில் பயன்படுத்தாதீர்கள். பற்பசையால் தேய்த்தால் பளபளக்கும் என்பதையும் நம்பாதீர்கள், அதில் இருப்பது அராவும் தூள்.

போன் மாட்டி எடுப்பவர்களுக்குப் படம் நடுங்கிக் கலங்கலாக வந்தால், அது ஆவி அல்லாமல் அதிர்வாகவும் இருக்கலாம். பைக் எஞ்சினின் அதிர்வு போன் கேமராவின் நடுக்கத் தடுப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது.

பூச்சுகள் பற்றி

நிறையப் பேர் குழம்பும் இடம் இது. மழைத்துளியை உருட்டி விரட்டும் பூச்சு வேறு, ஆவியைத் தடுக்கும் பூச்சு வேறு. முதலாவது நீரை வெறுக்கும், இரண்டாவது நீரை விரும்பும். ஆவித்தடுப்புப் பூச்சின் மேல் படியும் ஈரம் முத்து முத்தாக நிற்காமல் ஒரே மெல்லிய படலமாக விரிந்துவிடுவதால் வெளிச்சம் சிதறாது. மழைப் பூச்சை உள்பக்கம் தடவினால் ஆவி முத்துகளாக நின்று நிலைமை மோசமாகும். மழைப் பூச்சு வெளியே, ஆவிப் பூச்சு உள்ளே. கண்ணாடிக்கென்று விற்கும் மழைப் பூச்சு சில பிளாஸ்டிக்குகளை மங்கலாக்கும், உறையில் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் செய்வதென்றால் குழந்தை ஷாம்பு ஒரு துளி போதும். ஹவுசிங்கின் உள்பக்கமோ கழற்றக்கூடிய முன்கண்ணாடியின் உள்பக்கமோ தடவி, காயவிட்டு, தெளிவாகும் வரை மென்துணியால் மெருகேற்றுங்கள். கேமராவின் உண்மையான லென்ஸில் கை வைக்காதீர்கள். ஒரு பயணத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். ஈரக்காற்றை உள்ளே வைத்துவிட்டு ஷாம்புவை நம்பிக் கிளம்பக் கூடாது.

“மூட்டம் போகவே இல்லை” அல்லது “உள்ளே துளிகள் தெரிகின்றன”

துளி தெரிந்தால் அது ஆவிப் பிரச்சினையைத் தாண்டிவிட்டது, தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். உடனே பேட்டரியையும் கார்டையும் வெளியே எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, முனைகளில் பச்சை படிந்திருந்தாலோ அதை மறுபடி போடவே வேண்டாம். கேமராவை எல்லா மூடியும் திறந்த நிலையில் சிலிக்கா டப்பாவில் 48 மணி நேரம் வையுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் புது மணிகள் போட்டு இன்னும் ஒரு நாள். ஹேர் டிரையர் வேண்டாம். அந்தச் சூடு ரப்பரையும் லென்ஸ் பசையையும் கெடுக்கும், ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும்.

கடல்நீர் என்றால் டப்பா மட்டும் காப்பாற்றாது. உப்பு உள்ளே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தகடுகளையும் அரிக்கும். அன்றைக்கே சர்வீஸுக்குக் கொடுங்கள், கடல்நீர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

காயவைத்தும் லென்ஸுக்கு ஆழத்தில் மங்கல் நின்றால் டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. மழைக்காலத்தில் ஈரமான கேமராவைத் தோல் பையிலோ துணிப் பையிலோ மாதக்கணக்கில் போட்டுவைத்தால் வரும். லென்ஸைப் பிரித்தால்தான் எடுக்க முடியும், வீட்டில் முயல வேண்டாம். கிளைகள் இல்லாமல் சீரான வெண்மை மட்டும் என்றால் இன்னொரு 48 மணி நேரம் டப்பாவில் கொடுத்துப் பாருங்கள். வெளியே எடுக்கும்போது ஏசி அறையிலேயே எடுத்து, ரப்பரை ஒரு சுற்றுப் பார்த்து, ஊதாமல் மூடுங்கள்.